சறுக்குவண்டியில் காத்திருந்தவள்

டோலினாவில் கடுங்குளிர் இறங்கிவிட்டால் சத்தம் தேயாது. காற்று அசையாத அந்தக் காலை வேளைகளில் ஒரு மைல் தள்ளி ஒரு வீட்டில் வாளி உருண்டால் என் சமையலறையில் கேட்கும். யார் மாட்டைத் திட்டுகிறார்கள், யார் பெண்டாட்டியைத் திட்டுகிறார்கள் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ரகசியம் பேசவேண்டுமென்றால் கோடை வரும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

எங்கள் ஊரின் இரண்டு கோயில்களுக்கும் வம்பு வருவது இந்தக் குளிரில்தான். சாலைக்கு வடக்கே கத்தோலிக்கர் கோயில். தெற்கே எங்கள் ஆர்த்தடாக்ஸ் கோயில். நடுவில் அறுபது அடி. அந்த அறுபது அடியில் பாதி சாலை, பாதி குதிரை கட்டும் இடம்.

என் அப்பா காலத்தில் ஒரே கோயில்தான் இருந்தது. பழைய ஊரான கலீசியாவிலிருந்து கப்பலேறிக் கனடாவின் சஸ்காட்சுவானுக்கு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மரம் வெட்டிக் கட்டியது. பிறகு சண்டை வந்தது. கோயில் பத்திரத்தை ஆயர் பெயரில் எழுதவேண்டும் என்றது ஒரு கட்சி. மரம் வெட்டினது நாங்கள், பத்திரம் மட்டும் அவருக்கா என்றது இன்னொரு கட்சி. சாமியாருக்குப் பெண்டாட்டி இருக்கலாமா என்று அடுத்த சண்டை. பழைய ஊரில் பெண்டாட்டியும் பிள்ளையும் பசுமாடுமாக இருந்த சாமியார்களையே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கனடாவுக்கு மட்டும் அது கூடாது என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்தால் கோபம் வராதா? பாதிப் பேர் சாலையைத் தாண்டி ஆர்த்தடாக்ஸ் ஆகிவிட்டார்கள்.

தாண்டியவர்கள் கோயில் கட்ட அதே தச்சனைக் கூப்பிட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது ஒரே கோயில். அதையே மறுபடியும் கட்டிக் கொடுத்துவிட்டான். அங்கே மூன்று வெங்காயக் கூம்பு, இங்கேயும் மூன்று. பனி கொட்டும் நாளில் வெளியூர்க்காரன் எவனாவது தப்பான கோயிலில் நுழைந்து, மெழுகுவத்தி கொளுத்தி, முக்கால் பூசை கண்டு, போப்பாண்டவர் பெயர் காதில் விழுந்த பிறகுதான் திருதிருவென்று விழிப்பான்.

ஏனென்றால் பூசை ஒன்றுதான். பாட்டும் ஒன்றுதான். சாம்பிராணிகூட ஒரே கடையில் வாங்கினதுதான். அவர்கள் பூசையில் போப்பாண்டவருக்காக வேண்டிக்கொள்வார்கள், நாங்கள் வேண்டமாட்டோம். விசுவாசப் பிரமாணத்தில், பரிசுத்த ஆவி பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்று நாங்கள் நிறுத்திக்கொள்வோம். அவர்கள் ‘சுதனிடமிருந்தும்’ என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்துப் பாடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக ஆயிரம் வருஷம் அடித்துக்கொண்டிருக்கிறோம் என்று எங்கள் பாடகர் ஹரஸிம் கிழவர் பெருமையாகச் சொல்வார்.

ஒரு ஜனவரி மாதம் எங்கள் கோயில் கதவு பனியில் சிக்கிச் சரியாக மூடவில்லை. எதிர்க் கோயிலில் அவர்களுடைய சாமியார், ‘எங்கள் தந்தை போப்பாண்டவருக்காக வேண்டிக்கொள்வோமாக’ என்று இழுத்தார். எங்கள் சனம், வீடு ஞாபகத்திலோ அடுப்பு ஞாபகத்திலோ, ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று ஒரே குரலில் பாடித் தொலைத்தது. ஹரஸிம் புத்தகத்தைப் படாரென்று மூடினார். மூன்று வாரம் யாருடனும் பேசவில்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் என் அக்கா யுஸ்தினா ஒரு கத்தோலிக்கனைக் கட்டிக்கொண்டாள். அதுவும் சும்மா கத்தோலிக்கனை இல்லை, அந்தக் கோயிலின் பாடகரையே. பெயர் நெஸ்தோர். நெட்டையான மனுஷன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் வாயைத் திறந்து பாடினால் அறுப்பு மெஷின்கூட நின்று கேட்கும் என்பார்கள். கல்யாணம் அவர் கோயிலில் நடந்தது. மறுவாரத்திலிருந்து அக்கா எங்கள் கோயிலுக்கு வந்துவிட்டாள். மாறச் சொல்லி அவரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. பிள்ளைகள் இல்லை, அதனால் எந்தப் பக்கம் ஞானஸ்நானம் என்ற சண்டைக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் ஒரே வண்டியில் வருவார்கள். கோடையில் டிரக், பனியில் குதிரை பூட்டிய சறுக்குவண்டி. சரியாகச் சாலை நடுவில் நிறுத்துவார் நெஸ்தோர். குதிரையின் மூக்கு கிழக்கே, ஒரு பக்கம் அவர் கோயில், மறுபக்கம் இவள் கோயில். இறங்குவார்கள், ஆளுக்கொரு பக்கமாகப் போவார்கள். ஊரே பார்த்துச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் சாமியார் வருவார். மற்ற வாரங்களில் ஹரஸிம் கிழவர் ஜெபங்களை மட்டும் பாடி முக்கால் மணி நேரத்தில் முடித்து, அடுப்பையும் அணைத்துவிடுவார். ஆகவே அக்கா முதலில் வெளியே வந்துவிடுவாள். வந்து சறுக்குவண்டியில் ஏறி, ஆட்டுத்தோல் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு உட்காருவாள். எதிரே கத்தோலிக்கர் பூசை இன்னும் பாதியில் இருக்கும்.

“எங்கூட வீட்டுக்கு வாயேன். போர்ஷ்ட் சூப் குடிச்சிட்டு அப்புறம் போ” என்பேன் நான்.

“நீ போடி. இங்கதான் நல்லாக் கேக்குது” என்பாள்.

உள்ளே அவர் பாடிக்கொண்டிருப்பார். பாடுவது என்றா சொன்னேன்? ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் பாட்டு அது. ஒரு வரி முடிவதற்குள் அடுத்த வரியின் கழுத்தைப் பிடிப்பார். சாமியார் மூச்சு விடுவதற்குள் ‘ஆமென்’ விழும். ‘நெஸ்தோர் பாடினா வீட்ல பிரோஹிக் கொழுக்கட்டை ஆறாது’ என்று அவர்கள் ஆட்களே கேலி செய்வார்கள். இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டு இப்படிப் பாழாக்குகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். கடவுளிடம்கூடப் பேச நேரமில்லாத மனுஷன் என்று முடிவு கட்டிவைத்திருந்தேன்.

பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது அவர்தான் முதலில் வருவார். தொப்பியைக்கூடக் கையில் வைத்துக்கொண்டு வருவார்.

“ரொம்ப நேரம் காக்க வச்சிட்டனா?”

“இப்பத்தான் வந்தேன்.”

கண்ணிமை முழுக்க உறைபனி கட்டியிருக்கும். இப்பத்தான் வந்தாளாம். இருபத்தாறு வருஷம் இதே கேள்வி, இதே பொய்.

எனக்கு அவர்மேல் ஒரு கோபம் இருந்தது, அதை மறைக்கவேண்டிய அவசியம் இல்லை. அறுபது அடிதானே. ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஒரு பாஸ்காவுக்கு, பெண்டாட்டிக்காக ஒருதடவை தாண்டி வந்து எங்கள் கோயிலில் நின்றால் என்ன குறைந்துபோகும்? அவர் வரவில்லை. அக்காவும்தான் அங்கே போகவில்லை, ஆனால் அது எனக்குத் தப்பாகப் படவில்லை. சொந்தக் கட்சியின் பிடிவாதம் யாருக்கும் பிடிவாதமாகத் தெரியாது போலிருக்கிறது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் இலையுதிர் காலத்தில் ஹரஸிம் கிழவர் போய்ச் சேர்ந்தார். பழைய எழுத்தில் இருந்த அந்தத் தடித்த புத்தகத்தை வாசிக்கவும் எட்டு ராகத்தையும் பிடிக்கவும் எங்கள் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. முன்னே ஒருவர் இழுத்துக்கொண்டு போனால் பின்னே பாடுவோம், அவ்வளவுதான். என் குரலோ காக்கை கேட்டால் உறவு கொண்டாடும்.

அடுத்த ஜனவரியில் அக்கா படுத்தாள். இதயம் களைத்துப் போய்விட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் இறந்தபிறகு நான் தனியாகத்தான் இருந்தேன், மூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். வெளியே பனி பெய்துகொண்டே இருந்தது. பகலா சாயங்காலமா என்று தெரியாத ஒரு வெள்ளை வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து அவள் போர்வைமேல் நாள் முழுக்கக் கிடந்தது. அவள் தூங்குவாள், விழிப்பாள், எது தூக்கம் எது விழிப்பு என்பது அவளுக்கே பிடிபடவில்லை.

“டோக்கியா, கோயில் நடந்து வந்துச்சுடி” என்றாள் ஒருநாள்.

“எந்தக் கோயில்?”

“தெரியல. ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. ஒண்ணு நடந்து வந்துச்சு. இன்னொண்ணு எந்திரிச்சுப் போயி வாங்கன்னு கூப்பிட்டுச்சு. ரோட்டையே காணோம். வண்டிய எங்க நிறுத்தறதுன்னு உங்க அத்தான் சுத்திச் சுத்தி வர்றாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்க் கொஞ்சநேரம் அழுதுவிட்டு வந்தேன்.

நெஸ்தோர் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருப்பார். மாட்டுக்கு வைக்கோல் போடப் போவார், திரும்பி வந்து உட்காருவார். அன்று சாயங்காலம் அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

“ஹரஸிம் தாத்தாவும் போயிட்டாரு. எனக்கு யாரு பாடுவா?”

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு.”

“பாட்டில்லாம என்னைப் பொதைச்சிடாதீங்க. நீங்க பாடணும்.”

அவர் மற்றக் கையால் போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டார்.

“மெதுவாப் பாடணும். எத்தனை வருஷம் அந்த வண்டில உக்காந்து கேட்டிருக்கேன், ஒருநாளாவது நிதானமாப் பாடினீங்களா? ஓட ஓட விரட்டறீங்க. ஒருதடவையாவது முழுசாக் கேக்கணும் எனக்கு.”

“நீ குளிர்ல உக்காந்திருப்பியே” என்றார் நெஸ்தோர்.

அவ்வளவுதான் சொன்னார். என் கையிலிருந்த கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். இருபத்தாறு வருஷம் நான் கேலி பண்ணிய அவசரம் அது. குளிரில் உட்கார்ந்திருப்பவளுக்காக அவர் ஓடினார். அவளோ அந்தக் குரலைக் கேட்கத்தான் குளிரில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“அத்தான் பாடுவாருக்கா” என்று நானே சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவர்களுடைய பங்குச் சாமியார் ஸெனோன் வந்தார். முப்பது வயதிருக்கும், மூக்கு சிவந்த ஆள். ஆறு கோயில்களை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர். அக்காவுக்குக் கடைசி நன்மை அப்பம் அவர் கொடுக்க முடியாது, அதற்கு எங்கள் சாமியார்தான் வரவேண்டும். இருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். அதற்காக அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. சமையலறைக்கு வந்ததும் அந்த மரியாதை போய்விட்டது.

“அடக்கத்துக்குப் போகலாம் நெஸ்தோர். பின்னாடி நில்லுங்க. துக்கத்துக்கு நிக்கறத யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்க. ஆனா பாடக்கூடாது. அவங்க கோயில்ல, அவங்க பூசையில நீங்க பாடகரா நின்னா அது வேற.”

“என்ன வேற?” என்றேன் நான். “நீங்களும் ஆண்டவரே இரக்கமாயிரும்னுதான் பாடறீங்க. நாங்களும் அதைத்தான் பாடறோம். உங்க ஆண்டவர் தனியா இரக்கப்படறாரா?”

“பாட்டு ஒண்ணுதாம்மா. வீடு வேற.”

“வீடு கட்டினவனும் ஒரே தச்சன்தான் சாமி.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “எல்லாம் ஒண்ணுதான்னா எதுக்கு ரெண்டு கோயில்? நாம பிரிஞ்சிதான் கெடக்கோம். அது நல்லதுன்னு நான் சொல்லல. எனக்கும் அது வலிக்குது. ஆனா சேராததைச் சேர்ந்துட்டதா நடிச்சா அது பொய்யில்லையா? கோயில்ல நின்னு பொய் பாடலாமா?”

“சாகப்போறவ ஆசைப்படறது பொய்யா?”

அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார். வாசலில் நின்று, “நம்ம கோயில் சாவி உங்ககிட்டத்தானே இருக்கு நெஸ்தோர்? இந்த வாரம் முழுக்க நான் வடக்குப் பக்கம் போறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வரமாட்டேன்” என்றார்.

ஒருத்தி உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்குச் சாவிக் கவலை என்று நினைத்தேன். கதவை வேண்டுமென்றே சத்தமாகச் சாத்தினேன்.

“அத்தான், நீங்க பாடப்போறீங்களா இல்லையா?”

“பாடகனா ஆகறப்ப ஆயர் முன்னாடி வேதத்துமேல கை வச்சவன் நான்.”

“அவகிட்டயும்தான் கை குடுத்தீங்க.”

அவர் அடுப்பில் ஒரு விறகைச் செருகினார். “அவ என்னை மாறுன்னு ஒருநாளும் கேட்டதில்ல, டோக்கியா. நான் பாதியா அவ பக்கம் வந்து நின்னிருந்தா அவளுக்கே பிடிச்சிருக்காது. அவ முழுசா அந்தப் பக்கம், நான் முழுசா இந்தப் பக்கம். அதனாலதான் ஒரே வண்டில வரமுடிஞ்சுது.”

“வியாக்கியானம் வேண்டாம். பாடுவீங்களா?”

அன்றைக்குரிய பத்து வார்த்தைகளுக்கு மேலேயே பேசிவிட்டார். இனி வாய் திறக்கமாட்டார் என்று தெரிந்தது. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவர் தட்டில் சோற்றைப் போடும்போதுகூட முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை விடியும்போது அக்கா போனாள். எங்கள் வாசில் சாமியார் முந்தைய நாளே ரயிலில் வந்து நன்மை கொடுத்துவிட்டார். கடைசியாக அவள் கேட்டது தண்ணீர். குடித்துவிட்டு, “குதிரைக்குப் போர்வை போட்டீங்களா?” என்றாள். போட்டேன் என்றார் நெஸ்தோர். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

உறைந்த மண்ணைத் தோண்டமுடியாது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழிக்கான இடத்தில் வைக்கோலும் விறகும் போட்டு இரண்டு நாள் தீ எரித்து மண்ணை இளக்கினார்கள். அந்தப் புகை பனிக்குள் மெதுவாக ஏறி, எந்தக் கோயில் கூம்பையும் விட்டுவைக்காமல் இரண்டையும் சுற்றிக்கொண்டு நின்றது. வெள்ளி ராத்திரி முழுக்கப் பனிப்புயல். சனிக்கிழமை காலை எல்லாம் அடங்கியது. இலை அசையவில்லை என்று சொல்ல இலையே இல்லை.

நான் வெளியே வந்து பார்த்தபோது சாலையைக் காணோம். வேலி, குதிரை கட்டும் கம்பம், சாலையோரப் பள்ளம் எல்லாவற்றையும் பனி மூடி ஒரே பரப்பாக்கிவிட்டிருந்தது. அந்த வெள்ளையில் இரண்டு கோயில்கள் மட்டும் நின்றன. சூரியனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு போலிச் சூரியன்கள், கடுங்குளிரில் அப்படித் தெரியும். அக்கா கண்ட கனவுக்குள் தவறி வந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு கணம் பயமாக இருந்தது.

நெஸ்தோர் தாமே சறுக்குவண்டியில் பெட்டியைக் கொண்டுவந்தார். குதிரை வழக்கமான இடத்தைத் தானாகவே கண்டுபிடித்து நின்றது. பெட்டியின் தலைமாட்டை அவர் பிடித்தார், தச்சன் பாங்கோவும் மற்ற ஆண்களும் மீதியைப் பிடித்தார்கள். எங்கள் கோயில் வாசற்படி வரைக்கும் வந்தார். அங்கே தலைமாட்டை இன்னொருவர் தோளுக்கு மாற்றிக் கொடுத்தார். தொப்பியைக் கழற்றிப் பெட்டியைப் பார்த்துக் குனிந்தார். பிறகு திரும்பி நடந்தார்.

ஒருநிமிஷம் எனக்குப் புரியவில்லை. பின்னால் நிற்கலாம் என்று அவர்கள் சாமியாரே சொல்லியிருக்கிறாரே. அதுகூட இல்லையா? ஓடிப்போய் அவர் கோட்டைப் பிடித்தேன்.

“எங்க போறீங்க அத்தான்? உள்ள வந்து அவ பக்கத்துலகூட நிக்க மாட்டீங்களா?”

அவர் முகம் எப்படியிருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. “கதவைச் சாத்தாத, டோக்கியா” என்றார்.

அந்த வெள்ளைக்குள் நடந்துபோனார். முழங்கால் வரை பனி. நான் திரும்பி வந்து கதவருகே நின்றேன். உள்ளே பெட்டியைச் சுற்றி மெழுகுவத்திகள், கோலாச் ரொட்டி, முப்பது பேர். குளிருது, கதவைச் சாத்து என்று யாரோ சொன்னார்கள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

வாசில் சாமியார் பீடத்தின் முன் நின்று, எருது கத்துவது போன்ற தம் குரலில் பூசையைத் தொடங்கினார். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் அரசு வாழ்த்தப்பெறுவதாக என்று முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பாடகர் நிற்கும் இடத்தில் ஹரஸிமின் புத்தகம் மட்டும் மூடிக் கிடந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நானே அந்தக் காக்கைக் குரலைத் திறக்கலாமா என்று மூச்சை இழுத்தேன்.

‘ஆமென்’ என்று வந்தது.

வெளியிலிருந்து வந்தது. பனிக்கு மேலாக, அறுபது அடியைத் தாண்டி, பக்கத்தில் நிற்கிறவர் பாடுவதுபோல வந்தது. நான் கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன். எதிர்க் கோயிலின் கதவும் விரியத் திறந்திருந்தது. உள்ளே இருட்டில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிந்தது. சாமியார் இல்லை, சனம் இல்லை. அவர் தம் கோயிலில், தம் இடத்தில், தம் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாக நின்று பாடினார். அதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. அந்தச் சாவிப் பேச்சு அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸெனோன் சாமியாரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வாசில் சாமியார் ஒருகணம் தயங்கினார். தாடியைத் தடவினார். பிறகு குரலை இன்னும் உயர்த்தினார், அந்தப் பக்கம் கேட்கவேண்டுமே. அவர் வேண்ட, அங்கிருந்து பதில் வர, எங்கள் சனம் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பாடியது. யாரும் எதுவும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

அவர் மெதுவாகப் பாடினார். அந்த மனுஷன் அவ்வளவு மெதுவாகப் பாடி நான் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் எழுந்து, நின்று, சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. இவ்வளவு நாளாக இந்தக் குரலையா மூட்டை கட்டிவைத்திருந்தார் என்று நினைத்தேன். எனக்குக் கால் மரத்துப்போயிற்று, கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது, கதவை விட்டு நகர மனமில்லை. எனக்கு அக்காமேல் பொறாமையாகக்கூட இருந்தது. செத்தவள்மேல் பொறாமைப்பட்டேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் பிறகு சொன்னேன்.

விசுவாசப் பிரமாணம் வந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து பாடிக்கொண்டு போனோம். பிதாவிடமிருந்து என்று நாங்கள் நிறுத்தினோம். அவர் தம் வழக்கப்படி, ‘சுதனிடமிருந்தும்’ என்று பாடினார். பெண்டாட்டி சாவிலும் அந்த வார்த்தையை அவர் விழுங்கவில்லை, நாங்களும் அதைச் சேர்த்துப் பாடவில்லை. ஆனால் அதைத் தாண்டி நாங்கள் முன்னே போய்விடவும் இல்லை. முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டு அந்த ஒரு வார்த்தை முடியும்வரை காத்திருந்தோம். அது முடிந்ததும் மறுபடி சேர்ந்து பாடினோம். ஹரஸிம் கிழவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது. காத்திருந்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசி முத்தம் கொடுத்தோம். ஒவ்வொருவராகக் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டோம். முத்தம் கொடுக்கவேண்டியவர் அங்கே பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிற்பதா பாடுவதா என்பதில் அவள் கேட்டதை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்று அப்போது எனக்குப் புரிந்தது. பாங்கோ மூடியை எடுத்துவைத்தான். ஆணியைக் கையில் எடுத்தவன், கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, ஆணியையும் சுத்தியலையும் கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து சறுக்குவண்டியில் வைத்தோம். வண்டி எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றது. சாலை இல்லாவிட்டாலும் குதிரைக்குத் தெரிந்திருந்தது. நித்திய நினைவு என்ற முடிவுப் பாட்டை மூன்று தடவை பாடவேண்டும். எங்கள் சனம் குளிரில் மூன்றையும் முடித்துவிட்டது. எதிர்க் கோயிலுக்குள் அவர் இரண்டாவதில்தான் இருந்தார்.

யாரும் கடிவாளத்தைத் தொடவில்லை. வாசில் சாமியார் தாடியில் பனிக்கட்டியோடு சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிலர் கால் மாற்றி நின்றார்கள். குதிரை ஒருதடவை தலையை உதறியது. அக்கா தன் வண்டியில், தன் இடத்தில் இருந்தாள். நல்லாக் கேக்குற இடம் என்று அவளே சொன்ன இடம் அது. மூன்றாவது தடவை அவர் இன்னும் மெதுவாகப் பாடினார், அவசரப்பட இனி ஒன்றுமில்லை என்பதுபோல. கடைசி எழுத்து எப்போது முடிந்தது, எப்போது வெறும் குளிராக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கதவு சாத்தும் சத்தம். சாவி திரும்பும் சத்தம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நெஸ்தோர் பனியில் நடந்து வந்தார். நாங்கள் விலகி வழி விட்டோம். பாங்கோ மூடியைத் தூக்கிப் பிடித்தான். அவர் குனிந்து அவளுக்கு முத்தம் கொடுத்தார். நிமிரும்போது பழக்கம் அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“ரொம்ப நேரம் காக்க வச்சிட்டனா?”

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான்தான் பக்கத்தில் போய் அவர் கையிலிருந்த தொப்பியை வாங்கி அவர் தலையில் வைத்தேன்.

“இப்பத்தான் வந்தா, அத்தான்” என்றேன்.